துரையிடம் கேட்ட உத்தரவு

உயர்தர வகுப்புக்குக் கிறிஸ்தவ நாகரிகம் படிப்பிக்கிறேன். ரோமப் பேரரசர்கள் திருச்சபையைத் துன்புறுத்துவதை விட்டுவிட்டு, அதற்கு நிலங்களும் பேராலயங்களும் அள்ளிக் கொடுத்த காலம் பற்றி ஒரு பாடம் வரும். கொடுத்த கை சும்மா இருக்குமா? எந்த ஆயர் இருக்கலாம், யாரை நாடு கடத்தலாம் என்பதிலும் அரண்மனை மூக்கை நுழைத்தது. ஆனால் ஒரு கோயிலை அரண்மனை கேட்டபோது, தரமாட்டேன் என்று நின்ற ஆயரும் உண்டு. வெளியே படை நிற்க, மக்கள் கோயிலுக்குள்ளேயே இருந்து பாடினார்கள். கடைசியில் அரண்மனைதான் இறங்கி வந்தது. இந்த இடத்தை முன்பு குரலை உயர்த்திப் படிப்பிப்பேன். இப்போது அவசரமாகக் கடந்துவிடுகிறேன்.

மலையகத்தில், வட்டகொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து உச்சியில் ஒரு சின்னக் கோயில் இருந்தது. அப்பா வாலிபராக இருந்தபோது, லயத்து வரிசை வீடுகளின் சனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றிலிருந்து கல் சுமந்து கட்டியது. அப்பாதான் அதற்கு மூப்பர். பாதர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மணி அடிப்பது, செபம் சொல்வது, ஒழுகும் தகரத்துக்குத் தார் பூசுவது எல்லாம் அப்பா.

திருவிழாவுக்கு முன் ஒரு வழக்கம் உண்டு. அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, மாலையும் வெற்றிலைத் தட்டுமாக ஆபீசுக்குப் போய், "கொடி ஏத்த உத்தரவு வேணுங்க தொரை" என்பார். தோட்டத்தை நடத்தும் துரை தலையாட்டுவார். கொடியேற்றத்தன்று கயிற்றை முதலில் தொடுவதும் துரைதான். மாரியம்மன் திருவிழாவுக்கும் இப்படித்தான். எங்களுக்கு அது மரியாதை, வேறொன்றும் இல்லை.

பிறகு தோட்டத்துக் கம்பெனி அந்த உச்சியில் உல்லாசப் பயணிகளுக்கு விடுதி கட்ட நினைத்தது. அப்பாவோடு நானும் பேசப் போனேன்.

"எங்க கையால கட்டுனதுங்க. எங்க கோயில்," என்றார் அப்பா.

துரை கோபப்படவில்லை. "ஒங்க கோயில்னா, வருசா வருசம் எங்கிட்ட ஏன் உத்தரவு கேட்டீங்க?"

பாதர் மேலிடத்தில் கேட்டுப் பார்த்தார். காணி உறுதி, நிலப் பத்திரம், இருக்கிறதா என்றார்கள். எங்களிடம் ஏது? பாடத்தில் வருவதுபோல எல்லாரும் உள்ளே உட்கார்ந்துவிடலாம் என்று லயத்தில் சொன்னேன். "நம்ம இருக்கிற லயமும் அவங்களதுதானே தம்பி," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

கோயிலை இடித்தபின், ஞாயிறு காலைகளில் அப்பா எங்கே போவதென்று தெரியாமல் வாசலில் நிற்பார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நான் செத்தா எதுக்கும் உத்தரவு கேக்காத," என்றார்.

இந்த வைகாசியில் அப்பா போய்விட்டார். மயானமும் தோட்டத்துக் காணிதான். குழி வெட்ட வந்தவர்கள் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமல் மழையில் நின்றார்கள்.

"ஆபீசுல உத்தரவு வாங்கிட்டீங்களா வாத்தியாரே?"

இல்லை என்றேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்பாவோடு கல் சுமந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. விடிந்தால், துரையின் ஆட்கள் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நின்று வேலைக்குப் போகவேண்டியவர்கள்.

வெள்ளைச் சட்டையோடு ஆபீசுக்கு நடந்தேன். "அப்பாவப் பொதைக்க உத்தரவு வேணுங்க தொரை," என்றேன்.

துரை எழுந்து நின்றார். உடனே சம்மதித்தார், தானும் வருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். சொன்னபடியே மாலையோடு வந்தார். சனம் வழக்கம்போல விலகி வழிவிட்டது. அப்பாவின் குழியில் முதல் பிடி மண்ணைத் துரைதான் போட்டார்.