அன்னபுஷ்பம் கொடுத்த அஞ்சு மார்க்கு

பிள்ளைப்பாக்கத்து அன்னபுஷ்பத்துக்குக் கோபம் வர ஆயிரம் காரணம் உண்டு. நிற்காமல் போகும் கம்பெனி பஸ், கேன்டீன் சாம்பார், காலங்கார்த்தாலே மருமகன் அனுப்பும் வாட்ஸ்அப் தத்துவம். இத்தனையையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு முதல் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அவள் வீட்டு டிவித் திரையில் சுற்றிய ஒரு வெள்ளை வட்டம். அது சுற்ற ஆரம்பித்தால் லேசில் நிற்காது. நின்றாலும், 'இந்த நிகழ்ச்சி தற்போது கிடைக்கவில்லை, பிறகு முயற்சிக்கவும்' என்று ஒரு வரிதான் வரும். பிறகு என்றால் எப்போது என்று அதில் இருக்காது.

ஒரு சீரியலுக்கா இவ்வளவு ஆத்திரம் என்று கேட்கிறவர்கள் அந்த வீட்டின் நிலவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்னபுஷ்பம் ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்கிறாள். ஒரு வாரம் காலை ஷிப்ட், மறு வாரம் மதிய ஷிப்ட். புருஷன் யேசுராஜ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், எப்போதும் நைட். வேலைதான் காண்ட்ராக்ட், நைட் மட்டும் பர்மனென்ட் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். இவள் பஸ் ஏறும்போது அவன் வந்து சேர்ந்திருக்க மாட்டான், வந்திருந்தாலும் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் கிளம்பும்போது இவள் ஒன்று கம்பெனியில் இருப்பாள், அல்லது அப்போதுதான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து மறைமலை நகருக்கு அனுப்பிய பிறகு, அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் முழித்திருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

காலையில் சர்ச்சில் பூசை, பிறகு மீன் குழம்பு, பிறகு சீரியல். வாரம் முழுக்க இரவில் ஓடியதை ஒன்றாகச் சேர்த்து, 'நீங்கள் கேட்கும் நேரத்தில்' என்று கேபிள் கம்பெனிக்காரன் விளம்பரம் செய்த அந்தப் பெட்டியில் பார்ப்பார்கள். ஒருத்தரை விட்டு ஒருத்தர் பார்க்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். காலை ஷிப்ட் வாரத்தில் சீரியல் நேரத்துக்கு அன்னபுஷ்பம் வீட்டில்தான் இருப்பாள். இருந்தாலும் டிவியைப் போடாமல் துணி துவைக்கப் போய்விடுவாள்.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. ரிமோட்டில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறதே, அதுதான் முக்கியம். சீரியலில் வரும் மூத்த மருமகள் மரகதம் வாயைத் திறந்து அழப் போகும் இடத்தில் யேசுராஜ் நிறுத்துவான். "இவ ஏன் அப்பவே மாமியாகிட்ட சொல்லல?" என்று கேட்பான். அதில் ஆரம்பிக்கும் பேச்சு மகள் வீடு, சீட்டு, பல்வலி, அடுத்த வருஷம் வேளாங்கண்ணி என்று எங்கெங்கோ போகும். மகளுக்குப் பையன் பார்த்து முடிவு செய்தது கூட, திரையில் மரகதம் பாதிக் கண்ணீரோடு காத்திருந்த ஒரு மதியத்தில்தான். நேரலையில் ஓடுவதை அப்படி நிறுத்த முடியாது. சீரியல் ஒரு சாக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியும், சொல்லிக்கொண்டது கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் வட்டம் வந்து உட்கார்ந்தது. முதல் வாரம் யேசுராஜ் பெட்டியை அணைத்துப் போட்டான். அடுத்த வாரம் ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். அதற்கடுத்த வாரம் பெட்டியின் தலையில் ஒரு தட்டு தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. பழைய எபிசோடு ஒரு வாரத்துக்கு மேல் அதில் தங்காது, அழிந்துவிடும். ஆக, மரகதத்தின் வாழ்க்கையில் வாரக்கணக்கில் ஓட்டை விழுந்தது.

கம்ப்ளைன்ட் கொடுத்தால் சாம்சன் வருவான். சுற்றியிருக்கும் ஊர்கள் அத்தனைக்கும் கேபிள் கம்பெனி வைத்திருந்த ஒரே லைன்மேன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். ஞாயிற்றுக்கிழமை கொடுத்த கம்ப்ளைன்ட் அவன் கைக்கு வருவதற்குள் திங்களோ செவ்வாயோ ஆகிவிடும். அவன் வந்து ரிமோட்டை அழுத்தினால் படம் ஜம்மென்று ஓடும்.

"தோ பாருக்கா, ஓடுது இல்ல?"

"ஞாயித்துக்கிழமை ஓடல சாம்சா. இன்னிக்கு ஓடி இன்னா பிரயோஜனம்? இன்னிக்கு அவரு தூங்கறாரு, நான் பஸ்ஸுக்கு ஓடிக்கினு கீறேன்."

"ஒயர மாத்திட்டேன்கா, இனிமே வராது. ஒரு கால் வரும், அஞ்சு குடுத்துடுக்கா. நாலு குடுத்தா கூட என் பேர்ல ரிமார்க் விழுது."

கால் வரும்வரை செருப்பு விடும் இடத்திலேயே நிற்பான். போனில் ஒரு பதிவுக் குரல், சேவையில் மிகவும் திருப்தி என்றால் ஐந்தை அழுத்தவும் என்று ஆரம்பித்து, சற்றும் திருப்தி இல்லை என்றால் ஒன்று என்று முடிக்கும். அன்னபுஷ்பம் முழுசாகக் கேட்கக்கூட மாட்டாள். ஐந்தை அழுத்திவிட்டு, போனை அவன் பக்கம் திருப்பிக் காட்டுவாள். அவள் மட்டும் இல்லை, தெருவே அப்படித்தான். மேலேயிருந்து ஒரு ரிமார்க் விழுந்தால் கீழே நிற்கிறவன் பாடு என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எல்லோருமே ஏதோ ஒரு லைனில் கீழே நிற்கிறவர்கள். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் பரிமாறுகிறவனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். அந்த நல்ல குணம்தான் அவர்களைக் கெடுத்தது.

கம்பெனி பஸ்ஸில் இன்னொரு இம்சை. பின் சீட்டில் உட்காரும் காவேரி, காலை ஷிப்ட் வாரத்தில் சீரியலை நேரத்தில் பார்த்துவிட்டு வருகிறவள். பஸ் கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிடுவாள்.

"மரகதம் வூட்ட வுட்டுப் போயிட்டா தெரியுமா?"

"வாய மூடு காவேரி. நாங்க இன்னும் பாக்கல."

"எப்பதான் பாப்பீங்க? அவ போயி, வேற ஊர்ல டிபன் கடையே வெச்சுட்டா."

அன்னபுஷ்பம் துப்பட்டாவால் காதைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். நாற்பத்தைந்து வயதில், ஒரு சீரியலுக்காகக் காதைப் பொத்திக்கொண்டு பயணம் செய்வது அவளுக்கே அவமானமாக இருந்தது.

ஆனால் வயிற்றெரிச்சல் வேறு பக்கமிருந்து வந்தது. வட்டம் சுற்றும் மதியங்களில் யேசுராஜ் சுவரில் சாய்ந்து கொஞ்சநேரம் போனைப் பார்ப்பான், பிறகு தூங்கிவிடுவான். ஒருநாள் சோறு போடும்போது, இனி ஞாயிறு பகலில் ஓ.டி. போகப் போவதாகச் சொன்னான்.

"யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன். வூட்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்றது புஷ்பம்? அந்த வட்டத்த பாத்துக்கினே இருக்கச் சொல்றியா?"

வட்டத்தைப் பார்க்க வேண்டாம், என்னைப் பாரேன் என்று அவளுக்குச் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அப்படியெல்லாம் பேச வெட்கமாக இருந்தது. அதற்குப் பதில் ரசத்தை நங்கென்று வைத்தாள். அன்று முழுக்க அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

அவன் இல்லாத முதல் ஞாயிறு அவள் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டாள். பாட்டு முடிந்து, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து எல்லாம் முடிந்து, ஒரு பெண் லைனில் வந்தாள். அன்னபுஷ்பம் ஆதியிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அந்தப் பெண் பொறுமையாகத்தான் கேட்டாள்.

"மேடம், உங்க புகார் எதுவும் நிலுவையில இல்ல. எல்லாமே சரி பண்ணி முடிச்சாச்சு."

"முடிச்சாச்சுன்னு யார் சொன்னது?"

"நீங்கதான் மேடம். ஒவ்வொரு தடவையும் மிகவும் திருப்தின்னு அஞ்சு கொடுத்திருக்கீங்க. அஞ்சு வந்தா புகார் தானாவே முடிஞ்சிரும்."

அந்தப் பெண் ஆறுதலாக ஒன்று சொல்வதாக நினைத்துக்கொண்டு தொடர்ந்தாள். "உங்க ஏரியாவுல எல்லாருமே ரொம்ப திருப்தியா இருக்காங்க மேடம். வாலாஜாபாத் பக்கம்தான் ரேட்டிங் கம்மி. அதனால புது லைன் எல்லாம் முதல்ல அங்கதான் போடறாங்க."

போனை வைத்த பிறகும் அவளுக்குக் காது சுட்டது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. கம்பெனியைத் திட்டலாம் என்றால், அழுத்தியது தன் விரல். சாம்சனைத் திட்டலாம் என்றால், அவன் கெஞ்சினானே தவிர மிரட்டவில்லை. கடைசியில் அவனைத்தான் பிடித்தாள், அவன் பைக்கை வழிமறித்து.

"எங்க எல்லார் வாயையும் நீதான்டா அடைச்சு வெச்சிருக்க."

சாம்சன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "எனக்குத் தெரியாதாக்கா? ஞாயித்துக்கிழமைன்னா இந்த ஃபேக்டரி பெல்ட்டுல கீற அத்தினி பேருக்கும் லீவு. வாரம் பூரா வுட்டத எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கறாங்க, லைன் தாங்கல. பெருசா மாத்தணும்னு நானும் மேல சொல்லிட்டேன். ரேட்டிங் நல்லாத்தானே கீது, எதுக்கு மாத்தணும்ங்கறான்."

"அப்ப எதுக்குடா அஞ்சு கேட்ட?"

"ஒன்னு குடுத்தா என்ன தூக்கிடுவாங்கக்கா."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனாலேயே அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. தானே கேட்டு வாங்கிய மார்க்கில் தானே மாட்டிக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது?

அடுத்த நாள் பஸ்ஸில் காதிலிருந்து துப்பட்டாவை எடுத்துவிட்டுப் பின் சீட்டுக்குப் போனாள். காவேரியிடமும் மற்றவர்களிடமும் விஷயத்தைச் சொன்னாள். இனி ஓடினால் ஓடியது, ஓடாவிட்டால் ஓடவில்லை, உள்ளதைச் சொல்லுவோம் என்றாள். "பாவம் அந்தப் பையன்" என்று காவேரி இழுத்தாள். "ஒருத்தி சொன்னா அவன் பாவம். தெருவே சொன்னா லைன்தான் பாவம்னு அவனுங்களுக்குப் புரியும்" என்றாள் அன்னபுஷ்பம். சொல்லிவிட்டாளே தவிர, மறுபடி கம்ப்ளைன்ட் கொடுத்து, சாம்சன் வந்துபோய், அந்தக் கால் வந்தபோது அவள் விரல் பழக்க தோஷத்தில் ஐந்துக்குத்தான் போனது. இழுத்துப் பிடித்து ஒன்றை அழுத்தினாள்.

தெருவும் அழுத்தியது. இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆமாம், ஞாயிற்றுக்கிழமையே, இன்ஜினியர்கள் வண்டி போட்டுக்கொண்டு வந்து, தெருமுனைப் பெட்டியைத் திறந்து நாளெல்லாம் நோண்டினார்கள். கூட வந்த சாம்சனை வேலையிலிருந்து தூக்கவில்லை. என்ன விளக்கம் எழுதிக் கொடுத்தானோ, அன்னபுஷ்பம் காபி நீட்டியபோது வேண்டாம் என்று தலையாட்டினான். அக்கா என்று கூப்பிடவும் இல்லை. அது அவளுக்கு வலித்தது. ஆனாலும் அழுத்தியதை நினைத்து வருத்தப்படவில்லை.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்து ரிமோட்டை அழுத்தினாள். வட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மரகதம் டிபன் கடையில் பளிச்சென்று தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். அன்னபுஷ்பம் உடனே நிறுத்திவிட்டு யேசுராஜுக்குப் போன் போட்டாள்.

"ஓடுதுய்யா. நல்லா ஓடுது. கெளம்பி வா."

அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிக்கும் பீப் சத்தம் கேட்டது. "எப்டி வர்றது? இனிமே எல்லா ஞாயித்துக்கிழமையும் என் பேரத்தான் போட்டு வெச்சுக்கீறாங்க. நீ பாத்துடு."

அவள் பார்க்கவில்லை. மீன் குழம்பை மூடி வைத்தாள், துணியை மடித்தாள், மடித்ததையே உதறி மறுபடி மடித்தாள். மதியம் முழுக்க மரகதம் கையில் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எது கேட்டாலும் கேட்ட நேரத்தில் கொடுக்க அந்தப் பெட்டி இப்போது தயாராக இருந்தது. அவளுக்கு அதைத் தூக்கித் தெருவில் வீசலாம் போல இருந்தது.

சாயங்காலம் யேசுராஜ் வந்தான். கை கழுவி உட்கார்ந்து, திரையைப் பார்த்தான்.

"இன்னா, நின்னுட்ச்சா மறுபடியும்?"

"நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். நல்லாத்தான் ஓடுது. எனக்குத் தனியா பாக்கப் புடிக்கல." ரிமோட்டை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீ வேலைக்குப் போறது எனக்குப் புடிக்கலய்யா."

யேசுராஜ் பிசைந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்கு மட்டும் புடிச்சா கீது? வாரம் பூரா முழிச்சு ஞாயிறும் போய் உடம்பு வுட்டுப் போச்சு. நிறுத்தச் சொல்லி சூப்பர்வைசர்கிட்ட போனேன். நீயே கேட்டு வாங்கினதாச்சே, உனக்குத் திருப்தின்னுதானே நெனச்சேன்னான். நான் சிரிச்சுக்கினே சரி சார்னு வந்துட்டேன்."

"ஏன் சிரிச்ச?"

"மூஞ்சத் தூக்கினா பேர் கெட்டுடும் புஷ்பம். அடுத்த காண்ட்ராக்ட்டுல கை வெச்சுட்டான்னா?"

அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. எழுந்து போய் சார்ஜில் கிடந்த அவன் போனை எடுத்து வந்து சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நானும்தான் அஞ்சு குடுத்தேன், ஒரு தடவையா ரெண்டு தடவையா. அப்புறம் மாத்திச் சொல்லலையா?"

"நாளைக்கு நேர்ல சொல்லிக்கிறேன்."

"நேர்ல போனா சிரிச்சுட்டு வந்துடுவ. இப்ப சொல்லு."

யேசுராஜ் அவளைப் பார்த்தான், போனைப் பார்த்தான். இடது கையால் நம்பரைத் தேடி அழுத்தினான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருந்தால் தேவலை என்று அவன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டார்கள்.

"சார், யேசுராஜ் பேசறேன். அந்த ஞாயித்துக்கிழமை டூட்டி சார். எனக்கு வேணாம் சார்." அந்தப் பக்கம் நீளமாக ஏதோ பேசினார்கள். அவன் முகம் பழக்கத்தில் சிரிக்கப் போனது. அன்னபுஷ்பம் அவனையே பார்த்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா சார், நான்தான் கேட்டேன்," என்றான் யேசுராஜ். "இப்ப திருப்தி இல்ல சார்."