ஊரெல்லாம் ராஜ வம்சம்

தெம்பெரெலுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே குமட்டும். இருபத்திரண்டு வருடம் ஊர்ப் பதிவு அலுவலகத்தில் பிறப்பையும் இறப்பையும் எழுதியவர் அவர். கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி மறக்கச் சொன்ன குலப்பெயரை, புது அடையாள அட்டையில் திரும்பப் போட வேண்டுமென்று சட்டம் வந்தது. ஊரிலிருந்த கல்கா மங்கோலியர் அத்தனை பேரும் அவர் மேசைமுன் வரிசை கட்டினார்கள்.

"என்ன குலம்?"

"போர்ஜிகின்னு போடுங்கண்ணே."

செங்கிஸ்கானின் குலம். ஆடு மேய்ப்பவன், லாரி ஓட்டுபவன், போன மாதம் பக்கத்துக் கூடாரத்துக் குதிரையைத் திருட்டுத்தனமாக ஓட்டிக்கொண்டு போன தோர்லிக், எல்லோருக்கும் அரச ரத்தம்.

"உங்க தாத்தா என்ன சொன்னாரு?"

"அவரு எங்கண்ணே சொன்னாரு? சீக்கிரம் எழுதுங்க, வண்டி கிளம்பிரும்."

வெட்கங்கெட்ட ஜனம் என்று முணுமுணுத்தபடியே எழுநூற்று நாற்பது பேருக்கு எழுதினார். எழுநூற்று நாற்பத்தொன்றாவது அட்டை அவருடையது. சாவதற்கு முன் அப்பா காதில் சொன்ன குலப்பெயர் குல்கைச். திருடர் என்று பொருள். அதை மகள் சொலொங்கோவின் தலையில் கட்ட மனம் வரவில்லை. கதவைச் சாத்திவிட்டு, இருவருக்கும் போர்ஜிகின் என்றே எழுதி முத்திரை குத்தினார்.

எட்டு வருடம் கழித்து அந்த முத்திரை அவர் வீட்டுக்கே வந்து நின்றது. சொலொங்கோ தோர்லிக்கின் மகனைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். தோர்லிக்கின் மனைவி பால்ஜின் வந்து, உப்புத் தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டே மறுத்தாள்.

"ரெண்டு வீடும் ஒரே குலம், ஒரே எலும்பு. அண்ணன் தங்கச்சி முறைண்ணே. லாமா நாள் குறிக்க மாட்டேன்னுட்டாரு."

"ஊரே போர்ஜிகின்தானம்மா."

"மத்தவங்க கதை எனக்குத் தெரியாது. நாங்க அசல்."

அடுப்படியில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தார் தெம்பெரெல். இனி மறைத்துப் பயனில்லை.

"நாங்க போர்ஜிகின் இல்லம்மா. குல்கைச். நான்தான் மாத்தி எழுதிட்டேன். உங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. தாராளமா கட்டலாம்."

பால்ஜின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். "சீ, திருட்டுக் குலமா?" வாசலை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, நீங்க போர்ஜிகினாவே இருந்துருங்க. லாமாகிட்ட நான் பேசிக்கிறேன். வெளிய மட்டும் வாயத் திறக்காதீங்க."

ரத்தம் எப்படியிருந்தாலும் பெயர் மணக்க வேண்டும் அவளுக்கு. தெம்பெரெலுக்கு அவளைப் பார்க்க மட்டுமல்ல, அதே பெயரை எழுதிய தன் கையைப் பார்க்கவும் அருவருப்பாக இருந்தது.

சொலொங்கோ தன் அட்டையை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"மாத்திக் குடுங்கப்பா."

"அப்போ கல்யாணம்?"

"அவனுக்கு வேணும்னா திருடன் மகள்னு தெரிஞ்சே வந்து கட்டட்டும்."

மறுநாள் காலை இரண்டு அட்டைகளையும் மாற்றி எழுதினார். தோர்லிக்கின் மகன் வரவில்லை. ஊர்ப் பதிவேட்டில் திருடர் என்று இருப்பது இன்றுவரை அப்பாவும் மகளும்தான். குதிரை ஓட்டிப்போன தோர்லிக் ராஜ வம்சம்.