பெத்தேலோ அவுட்டானால் பாட வேண்டிய பாட்டு

பசிபிக் கடலில் இருக்கிற நுகுநோனுத் தீவில் கலமேலி பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தால் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து இடுப்பை ஆட்டும். வெறும் பலகைப் பெட்டிதான், உள்ளே ஒன்றும் கிடையாது. ஆனால் அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் அதில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தரை அதிரும். மற்ற நேரத்தில் அவள் பாய் முடைகிறவள், மீன் சுடுகிறவள், பெத்தேலோவின் பெண்டாட்டி.

இங்கே கிரிக்கெட் என்றால் ஊரே இரண்டு கட்சி. கல்யாணம் ஆனாலும் பிறந்த கட்சி மாறாது. கலமேலி ஒரு கட்சி, புருஷன் எதிர்க்கட்சி. எதிரி ஒருவன் அவுட்டானால் அந்த இடத்திலேயே அவனைக் கேலி செய்து பாட வேண்டும், ஆட வேண்டும். பெரிய ஆட்டக்காரன் என்றால் அவன் பேரிலேயே தனிப்பாட்டு கட்டி, ரகசியமாகப் பழகி வைத்திருப்பார்கள். அவன் அவுட்டாகாமல் அதைப் பாடக் கூடாது. அவன் ஆட்டத்தை விட்டுவிட்டால் பாட்டும் அவனோடு போய்விடும்.

பெத்தேலோவுக்குக் கலமேலி பாட்டுக் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. அவள் கட்டியதிலேயே அதுதான் உசத்தி என்று பாடுகிறவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மனுஷன் அவுட்டாகித் தொலைத்தால்தானே!

"என்னடி, பாட்டுல பூசணம் பூத்துருச்சா?" என்பான், தேங்காய் துருவிக்கொண்டே.

"நீ அவுட்டாகுய்யா. அப்புறம் மூஞ்சிய எங்க வச்சுக்கிறேன்னு பாக்குறேன்."

"ரெண்டு வரி பாடிக் காட்டேன்."

"செத்தாலும் மாட்டேன்."

இந்த வருஷம் அவன் முழங்கால் வீங்கிவிட்டது. இதுதான் கடைசி ஆட்டம் என்று சர்ச் வாசலில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றைக்குக் கலமேலிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வருத்தம் அவன் காலுக்கா, தன் பாட்டுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆட்டத்தன்று பெத்தேலோ கடைசி ஆளாக இறங்கினான். ஓட முடியாதவன், ஓடத் தேவையில்லாதபடி அடித்தான். முதல் பந்து பள்ளிக்கூடத்தைத் தாண்டியது. அடுத்தது தென்னை உச்சிகளுக்கும் மேலே ஏறி, எங்கோ காயலில் போய் விழுந்தது. அப்படி ஓர் அடியை ஊர் பார்த்ததில்லை. பந்தைத் துரத்த வேண்டியவர்களே தலையில் கை வைத்து நின்றுவிட்டார்கள். கலமேலிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கோ தடதடவென்று சத்தம் கேட்டது. யார் கொட்டுகிறார்கள் என்று பார்த்தால், அவள் கைகள்தான்.

"அக்கா! யாருக்குக் கொட்டுற?" தங்கை லெபெக்கா அவள் தோளில் ஒன்று வைத்தாள். "உன் புருஷனுக்குத் தாளம் போடவா உன்னை இங்க உக்கார வச்சோம்?"

இன்னொரு அடியில் ஆட்டம் முடிந்தது. பெத்தேலோவின் கட்சி ஜெயித்தது. அவன் அவுட்டாகவில்லை. கலமேலி பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெத்தேலோ நொண்டிக்கொண்டே திரும்பினான். மட்டையை ஒரே வீச்சாக வீசித் தன் குச்சிகளைத் தானே சாய்த்தான்.

"அவுட்!"

"யோவ், ஆட்டம் முடிஞ்சு போச்சுய்யா," என்றார் நடுவர்.

"எனக்கு முடியல. ஏய் கலமேலி, மூணு வருஷமா காத்துக் கெடக்கேன். பாடுடி!"

நடுவர் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார். கலமேலி பெட்டியை இழுத்தாள்.

"சுறாவுக்கே பயப்படாத சூரன் எங்கே, சொல்லுங்க?
பொண்டாட்டி இருமும் சத்தம் கேட்டான், தூண் மறைவில் தேடுங்க!"

முதல் சுற்றை அவள் கட்சி பாடியது. அடுத்த சுற்றில் எதிர்க்கட்சியும் வரியைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து பாடியது. கேலிக்கு ஆளானவன் தலை குனிந்து போவதுதான் வழக்கம். பெத்தேலோவோ நடுவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து ஆடினான், வெட்கம் கெட்ட மனுஷன். அத்தனை குரலும் ஒன்றாக எழும்பியபோது, இது நான் கட்டிய பாட்டுதானா என்று கலமேலி பிரமித்துப் போனாள்.

சுற்றுக்குச் சுற்று தாளம் ஏற வேண்டும். ஏறிய தாளத்தை இறக்கக் கூடாது. இறக்கினவளை, அவள் சாகும்வரை ஊர் சொல்லிச் சிரிக்கும். வேகம் உச்சத்துக்குப் போனபோது பெத்தேலோவின் முழங்கால் மடங்குவதை அவள் பார்த்தாள். அவனோ நிறுத்துவதாக இல்லை.

கலமேலி தாளத்தை இறக்கினாள்.

லெபெக்கா திரும்பி முறைத்தாள். பிறகு அவளும் மெதுவாகப் பாட ஆரம்பித்தாள். பெத்தேலோ கடைசி வரி வரைக்கும் ஆடினான்.