போணிக்கு ஒரு கைக்குட்டை

செவ்வாய்க்கிழமை காலை குவீன்ஸ்டவுனிலிருந்து இபுராகிம் பாயின் மகள் போன் செய்தாள். "அங்கிள், வாப்பா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு முன்னால அடக்கம்." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனிமேல் அந்த மனிதர் என்னைக் குத்திப் பேச முடியாது என்ற நிம்மதிதான் வந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்தில் கடை வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். அவருடையது சேலைக் கடை. பக்கத்தில் என் சாப்பாட்டுக் கடை. எனக்கு எழுத்து தெரியாது என்பதால் தினமும் பேப்பரைப் படித்துக் காட்டுவார். சந்துக்கு அடியில் ரயில் வரப்போகிறது என்ற செய்தியை மட்டும் மூன்று முறை படித்தார். "அந்தோணி, மண்ணுக்குள்ள கவர்மெண்டு போடுற ஒவ்வொரு வெள்ளிக் காசும் நம்ம தெருவுல நாலா மொளைக்கும்லா. தோண்டி முடிக்கிற வரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு." தோண்டுவதை எதிர்த்தவர்களை ஒவ்வொரு கடையாகப் போய்த் திட்டியவரும் அவர்தான்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. மதியம்வரை யாருக்காவது போணி ஆகவில்லை என்றால், பக்கத்துக் கடைக்காரர் போய் ஏதாவது வாங்குவார். நான் கடை போட்ட முதல் வருடம் முழுக்க, வீட்டில் டீ குடித்துவிட்டு வந்த வயிற்றில் என் முதல் டீயை ஊற்றிக்கொண்டவர் பாய்.

தோண்டினார்கள். தகரத் தடுப்பு அவர் கடை வாசலை ஒரு ஆள் நுழையும் அளவுக்கு நெருக்கியது. சேலைகளில் சிமெண்டுத் தூசி. எனக்கோ, சுரங்கத்தில் வேலை செய்த தம்பிகள் நாற்பது பேர் மதியத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். ரயில் வந்தபின் பணம் வரும் என்றார் பாய். ரயில் வருவதற்கு முன்பே வந்தது, ஆனால் தப்பான கடைக்கு வந்தது. வழக்கப்படி நான் தினமும் அவர் கடைக்குப் போய் ஒரு கைக்குட்டை வாங்கினேன். சில மாதத்தில் சலித்துப்போனது. நிறுத்திவிட்டேன்.

ஒரு மதியம் அவரே என் கடைக்கு வந்து நின்றார். யாரையும் கூப்பிட்டு விற்காத ஆள். "அந்தோணி, கைக்குட்டை புதுசா வந்துருக்கு" என்றார், சாம்பார் வாளியைப் பார்த்துக்கொண்டே. கடை நிறைந்திருந்த திமிர் எனக்கு.

"என்ன பாய், உங்க ரயிலு வந்து வாங்கும், போங்க."

நாற்பது பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்த முகம் அப்படியே இருக்க, போய்த் தன் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். அடுத்த மாதம் கடையைக் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். அவருடைய கடையையும் நானே எடுத்து நடுச்சுவரை இடித்தேன்.

ரயில் வந்தது. தம்பிகள் வேறு பள்ளம் தோண்டப் போய்விட்டார்கள். நிலைய வாசல் எங்கள் சந்துக்கு முதுகைக் காட்டித் திறந்தது. பெரிய ரோட்டுக் கடைகளில் கூட்டம் பிதுங்கியது. பாய் சொன்னது பொய்யில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கிறதென்று எங்கள் கட்டடக்காரர் வாடகையை மட்டும் ஏற்றினார். ஒரு நாள் மதியம்வரை ஒரு தட்டுகூடப் போகவில்லை. அப்போது பாய் உள்ளே வந்தார். தன் பழைய கல்லா இருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"போணி ஆயிருச்சா?"

"இல்ல பாய்."

"ஒரு டீ போடு." பாதி குடித்துவிட்டு எழுந்தார். "பாத்தியா, உன் கடைக்கு ரயில்ல ஒரு ஆளு வந்துட்டேன்லா."

நான் கடையை ஒரேயடியாக மூடும்வரை தினமும் வந்தார். தினமும் பாதி டீ, தினமும் அதே வார்த்தை. பழி வாங்கினாரா, வழக்கத்தைக் காப்பாற்றினாரா? நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டும் என்றிருப்பார்.

அடக்கத்துக்கு ரயிலில்தான் போனேன். அவரிடம் வாங்கிய கைக்குட்டைகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய, பிரிக்காமல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதைப் பிரித்து முகத்தைத் துடைக்க மனம் வரவில்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன். அந்த டின் என்னிடம் இருக்கும். அன்றைக்கு அவர் விற்க வந்த கைக்குட்டை மட்டும் அதில் இல்லை.