கோட்டில் அச்சான கேக்

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் எங்கள் வாரப் பத்திரிகை கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஓர் ஒடுக்கமான அச்சுக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் பகிடி எழுதுவது என் வேலை. நாட்டுப் பத்திரிகைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தன. கோட்டைப் பகுதியில் கூடும். யுத்தத்தால் தட்டுப்பாடாகிவிட்ட அச்சுக் கடதாசியை அரசாங்கத்தோடு வாதாடி வாங்கி, அதைப் பத்திரிகைகளுக்குப் பங்கு பிரிப்பது அந்தச் சங்கம்தான். ஒருவருடைய இயந்திரம் நின்றுபோனால் இன்னொருவர் அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடு.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த தெருவில் எங்களுக்குப் போட்டியாக இருந்த பத்திரிகையின் ஆசிரியர் மாதம் ஒருமுறை கோட்டும் தலைப்பாகையுமாக அங்கே போகிறார், திரும்பும்போது மீசையில் கேக் தூள் இருக்கிறது, இவ்வளவுதான் தெரியும். பகிடி எழுத இது போதாதா? 'கேக் தின்னும் சங்கம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு மனிதரை வறுத்தெடுத்தேன்.

அது ஈய எழுத்தில் கோக்கப்பட்டு, புரூஃப் எடுத்த மை காயாமல் மேசையில் கிடந்த மத்தியானம், அந்த ஆசிரியரே வாசலில் வந்து நின்றார். அவருடைய இயந்திரத்தில் பல்சக்கரம் உடைந்துவிட்டதாம். பின்னால் ஒரு ரிக்‌ஷாவில் அவருடைய பக்கங்கள் ஈய எழுத்தாகவே வந்து இறங்கின. சங்கத்து ஏற்பாட்டின்படி நாங்கள் அவற்றை அச்சடிக்க வேண்டும்.

எங்கள் முதலாளி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்கோ வாங்கோ, உங்களுக்கில்லாததோ!" பிறகு என் காதுக்குள், "இந்த மனிசன் போன கூட்டத்திலை சண்டை பிடிச்சிராட்டில் எங்களுக்கு இந்தக் கிழமை பேப்பரே இல்லை. சின்னத் தமிழ்ப் பேப்பருக்கு என்னத்துக்குப் பங்கு எண்டு பெரிய ஆக்கள் கேட்டவை. என்ரை பங்கிலை வெட்டிக் குடுங்கோ எண்டிட்டார்."

அவர் வெட்டிக் கொடுத்த கடதாசியில்தான் அவரை வறுக்கப் போகிறேன்.

அச்சுத் தொழிலில் ஊறியவர் ஈய எழுத்தைப் புரூஃப் இல்லாமலே வாசிப்பார். அவரோ நேராக அந்த மேசையை நோக்கி வருகிறார். நான் என் வெள்ளைக் கோட்டைக் கழற்றி எழுத்தின்மேல் விரித்தேன். அது போதாதென்று தோன்றவே, ஏறி அதன்மேல் உட்கார்ந்தேன்.

எழுத்துக் கோப்பவர் என்னை முறைத்தார். "ஐயா, உது கதிரை இல்லை."

"கால் உளையுது."

"அப்ப கதிரையிலை இருங்கோவன்."

"விடும் காணும்," என்றார் போட்டி ஆசிரியர். "பாவம், மனிசன் வேர்த்து விறுவிறுத்துப் போய் இருக்கிறார். ஒரு பிளேன் டீ எடுத்துக் குடுங்கோ."

அந்தத் தேநீரையும் எழுத்தின்மேல் இருந்தபடியே குடித்தேன். அவர் இயந்திரத்தடிக்குப் போனதும் என் பகிடியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு தலைவலித் தைல விளம்பரத்தைச் செருகினேன். தைலம் கையில் இருந்திருந்தால் பூசியும் இருப்பேன்.

வேலை முடிந்ததும் நிம்மதியோடு கோட்டை மாட்டிக்கொண்டு அவரைத் தெருவுக்குக் கூட்டிப்போனேன். வாசல் நடை ஒடுக்கம். நான் முன்னால், அவர் பின்னால்.

"கொஞ்சம் நில்லும்," என்றார்.

நின்றேன்.

"அசையாதையும். இன்னும் வாசிச்சு முடியேல்லை."

அப்போதுதான் விளங்கியது. ஈர மையின்மேல் துணி விரித்து, அதன்மேல் ஓர் ஆளும் ஏறி இருந்தால் அதற்குப் பெயர்தான் அச்சடிப்பது. ஊருக்குப் போகாமல் நான் தடுத்த பகிடியை ஒரே பிரதியாக முதுகில் சுமந்து அவரிடமே சேர்த்துவிட்டேன்.

"ம்," என்றார். ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார். திட்டியிருந்தால் எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

வீடு இருந்த வெள்ளவத்தை வரைக்கும் ரயிலில் முதுகைப் பலகையோடு ஒட்டிக்கொண்டே வந்தேன். "பேப்பரைப் போத்துக்கொண்டே வந்தனீங்கள்?" என்று மனைவி மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாள். சின்ன எழுத்துப் போயிற்று. 'கேக் தின்னும் சங்கம்' என்ற தலைப்புப் போகவில்லை.

அந்த ஆசிரியர் சங்கத்தில் முறையிட்டால் எங்கள் பங்கு போகும். பங்கு போனால் பத்திரிகை நிற்கும், அச்சுக்கூடத்தில் அத்தனை பேரும் வீட்டுக்கு. எழுத்துக் கோப்பவரின் முகத்தைப் பார்க்கவே கூசியது. அந்த நேரம் பார்த்து முதலாளி சொன்னார்: "அடுத்த கூட்டத்துக்கு நீரும் வாரும். இங்கிலீசிலை கதைக்க ஆள் வேணும்."

எனக்கு இருந்தது ஒரே கோட்டு. கூட்டத்தில் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தேன். கடதாசிப் பங்கு என்று தலைவரான வெள்ளைக்காரர் தொடங்கியதும் போட்டி ஆசிரியர் எழுந்தார். இனி முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"சின்னப் பத்திரிகைகளுக்குத் தரும் பங்கு போதாது," என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். "கடதாசி இல்லாமல் அவர்கள் கோட்டில் அச்சடிக்கிறார்கள். நம்பாவிட்டால் அந்தக் கனவான் எழுந்து திரும்பட்டும்."

எழுந்தேன். திரும்பினேன். மண்டபமே சிரித்தது. தமிழ் தெரியாத தலைவர் பக்கத்தில் வந்து மையைத் தடவிப் பார்த்து, "பரிதாபம்," என்றார். எங்கள் பங்கு கூடியது. முதலாளி என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

இடைவேளையில் அந்த ஆசிரியர் ஒரு தட்டோடு என்னிடம் வந்தார். அதில் ஒரு பெரிய துண்டுக் கேக்.

"தின்னும் காணும். இதுக்குத்தானே வாறம்."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். நான் கடைசித் துணுக்குவரை விழுங்கி முடித்த பிறகுதான் போனார்.