பீரோவுக்குள் இருந்த கேமரா

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். பயத்தினால் இல்லை, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கண்ணால் பார்க்காததை நம்புகிற வழக்கம் எனக்கு வந்ததே இல்லை. நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூச்சப்படுகிற என்னை, "எழுதியாவது வைம்மா, மனசு லேசாகும்" என்று என் மகள் சுமதிதான் உட்கார வைத்தாள். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

செம்பாக்கத்தில் மகள் வீட்டோடு இருக்கிறேன். சாயந்திரம் ஏரிக்கரை ரோட்டில் தனியாக ஒரு நடை போய்வருவேன், எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். அதற்கும் ஆபத்து வந்தது. ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோய்ப் பாத்திரம் கருகிவிட்டது. பிறகு ஒருநாள் சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டேன். சுமதி பயந்துவிட்டாள்.

"மறதி ஜாஸ்தியாயிட்டே போகுதும்மா உனக்கு. இன்னொரு தடவை இப்படி ஏதாவது ஆச்சுன்னா தனியா வெளிய போறது கட். சொல்லிட்டேன்."

குரோம்பேட்டையில் ஒரு டாக்டரைப் பார்க்க நேரமும் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து நான் எதையும் இரண்டு தரம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன்.

மாப்பிள்ளை சிறுசேரியில் வேலை பார்க்கிறார். அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, ரோட்டோரத்தில் தவளை, ஓணான், கீரி எதைக் கண்டாலும் வண்டியை நிறுத்திவிட்டுப் படம் பிடிப்பார். அன்றைக்குக் காலையில் ஏதோ ஒரு பார்சல் வந்தது. "அத்தை, புதுசு வந்திருக்கு, விலையும் கம்மிதான். சாயந்திரம் நடக்கப் போறப்ப எடுத்துட்டுப் போய் நீங்களும் ட்ரை பண்ணிப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போனார். அவர் விளையாட்டுக்குச் சொன்னது எனக்கு எப்படித் தெரியும்? கைக்கு அடக்கமாகக் கறுப்பாக இருந்தது, முன்னால் கண்ணாடி, பின்னால் சின்னத் திரை, ஓரத்தில் சிவப்பு வெளிச்சம் போட்ட பட்டன். இப்போதுதான் எல்லாமே சின்னதாகிக்கொண்டு வருகிறதே, இது புது மாதிரிக் கேமரா போலிருக்கிறது என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

மழை வரப்போகிற மாதிரி அப்போதே இருட்டிக்கொண்டு வந்தது. கால்வாய் ஓரத்தில் ஒரு தேரை உட்கார்ந்திருந்தது. பட்டனை அழுத்தினேன், பளீரென்று அடித்தது. தேரை அசையவில்லை, என்னையே பார்த்தது. கொஞ்ச தூரத்தில், ஏரியை மூடிக் கிடக்கிற ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு கொக்கு, அதையும் எடுத்தேன். வெளிச்சம் பட்டதும் சுற்றிலும் தவளைச் சத்தம் நின்றுபோனது, பிறகு மெதுவாகத் தொடங்கியது. எனக்கு என்னவோ ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, காலில் ஒரு பரபரப்பு, நடந்துகொண்டே இருந்தேன்.

வழக்கமாக நிற்கிற சோளக்காரர் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னா ஆயா, போட்டோகிராபர் ஆய்ட்டியா? என்னியும் ஒண்ணு புடி, பொண்ணு பாக்க குட்த்து வுடலாம்."

பேரன் எடுத்த மனுஷன் இப்படிக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுத்தினேன்.

"யம்மாடி! கண்ணே பூட்ச்சு ஆயா!"

அதோடு அதைப் பைக்குள் போட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தேன். வழியில் யாரையும் பார்க்கவில்லை, யாரோடும் பேசவில்லை. இது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாப்பிள்ளை சீக்கிரமே வந்திருந்தார். படம் எடுத்தேன் என்று ஆசையாக எடுத்து நீட்டினால், அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"அத்தை, இது ஃபிளாஷ். கேமரா தலையில மாட்டுறது. வெளிச்சம் மட்டும்தான் அடிக்கும். கேமரா பீரோல தூங்குது!"

சுமதி சிரிக்கவில்லை. "கேமராவுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியலையாம்மா உனக்கு? எத்தனை தடவை அவர் கையில பாத்திருக்க? நாளையிலேர்ந்து தனியா போகவேணாம்."

"தெரியாம இருக்கிறதும் மறந்துபோறதும் ஒண்ணாடி?" என்றேன்.

மாப்பிள்ளைக்குப் பாவமாகிவிட்டது. "வாங்க அத்தை, நான் சொல்லித் தரேன்" என்று பீரோவைத் திறந்து கேமராவை எடுத்தார். அதன் பேட்டரி அதில் இல்லை, சுவரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி மாட்டி, பழைய படங்களைக் காட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

முதல் படத்தில் ஒரு செருப்பும் புடவைக் கரையும் மலை மாதிரி இருந்தன. மேலே எங்கேயோ தூரத்தில் என் முகம், என் கையில் வெள்ளையாக ஒரு வெளிச்சம். தரையோடு தரையாக உட்கார்ந்து எடுத்த மாதிரி. அடுத்ததில் ஆகாயத்தாமரை இலைகளுக்கு அந்தப் பக்கம், கரையில் சின்னதாக நான். அதற்கடுத்ததில் கீழே சோளம் சுடுகிற கரி கனன்றுகொண்டிருந்தது, எதிரில் நான் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

"எவனோ உன் பின்னாடியே வந்திருக்கான்மா!" என்றாள் சுமதி.

"பின்னாடி இல்ல சுமதி, எல்லாம் முன்னாடியிலேர்ந்து எடுத்தது" என்றார் மாப்பிள்ளை. அவர் குரல் சரியாக இல்லை. "அது கூடப் பரவால்ல. பீரோல இருந்த கேமராவுக்குள்ள எப்படி வந்துச்சு?"

இன்னும் ஒரு படம் இருந்தது. எங்கள் வீட்டு கேட். தெருவில் நின்று எடுத்தது. என் கையில் ஃபிளாஷ் இல்லை, அதுதான் பையில் இருந்ததே. நான் திரும்பி, எதிரில் இருக்கிற யாரையோ பார்க்கிறேன்.

"யாரும்மா அது?" என்றாள் சுமதி.

"யாருமில்லடி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

குரோம்பேட்டை டாக்டர் ஏதேதோ கேட்டார், கடிகாரம் வரையச் சொன்னார், சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எல்லாம் சரியாகச் செய்தேன். "அம்மாவுக்கு ஞாபகம் அருமையா இருக்கு, தாராளமா நடக்கட்டும்" என்றுவிட்டார். சுமதிக்குப் போன உயிர் வந்தது. இப்போது என்னை யாரும் தடுப்பதில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மறதி என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வந்தது யாரென்று மறந்துவிட்டேன் என்றாவது மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

கல்யாண வீட்டில் கேமராக்காரரைக் கண்டால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிப்போகிறவள் நான். அந்தக் கடைசிப் படத்தில் பல் தெரியச் சிரிக்கிறேன். ஒரு கையால் கேட்டை முழுசாகத் திறந்து பிடித்திருக்கிறேன், இன்னொரு கையை வீட்டுப் பக்கம் நீட்டியிருக்கிறேன், நீங்க முதல்ல போங்க என்கிற மாதிரி.