கொம்பு வைத்தவனும் எஸ்தர் சித்தியும்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, எங்கள் கோவில்பட்டியில் ஒரு பேய் கீழே விழுந்தது. பட்டப்பகல். பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டியிருக்கக் கூடாது என்பது அப்புறம்தான் தெரிந்தது...

விஷயத்துக்கு வருகிறேன். என் பாத்திரக் கடைக்கு அடுத்தது ஜெபா என்கிற அம்மாவின் தையல் கடை. அந்த வாரம் ஒருநாள் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, சனிக்கிழமைக்குப் பெரிய பானை ஒண்ணு வேணும். மோரு கொண்டுபோணும்" என்றார்.

"சபையில அசன விருந்தா?"

"இல்ல. ஊழியம்."

"எங்கன?"

"காமிக்ஸ் ரசிகர் விழாவுல."

ஊழியம் என்றால் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி வாசல், பஸ் ஸ்டாண்டு, கையில் துண்டுப் பிரசுரம். கார்ட்டூன் வேஷம் போட்ட பிள்ளைகள் நடுவில் என்ன ஊழியம்? நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஆள். எனக்கு இதில் வேலை இல்லைதான். ஆனால், மனதில் ஒரு கேள்வி விழுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பானைக்குக் காவல் என்று சொல்லிக்கொண்டு நானும் கிளம்பினேன்.

போகிற வழியில் ஜெபாவே சொன்னார். அவர் மகள் அபிஷாவுக்கு ஜப்பான் காமிக்ஸ் என்றால் உயிர். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஏதோ ஒரு கதாபாத்திரம் மாதிரி கறுப்பு உடுப்பும் கறுப்பு உதட்டுச் சாயமுமாகப் போட்டோ போட்டிருக்கிறாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், சபை வாசலில் வைத்து ஒருவர் பிடித்துக்கொண்டார். "பிசாசு வேஷம் போட்டுட்டு இங்கன எப்படிட்டி வந்த?"

அத்தோடு சரி. அபிஷா சபைப் பக்கமே வரவில்லை.

"அவ இங்க வரமாட்டேங்கா. அப்பம் நாங்கதான அங்க போணும்?" என்றார் ஜெபா.

எளிமையான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கை எத்தனை பெற்றோர் போடுகிறோம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், விழாக் குழுவில் ஸ்டால்களுக்குப் பொறுப்பே அபிஷாதான். அம்மா இடம் கேட்டதும் முதலில் முடியாது என்றிருக்கிறாள். பிறகு குழுவிடம் மன்றாடி வாங்கிக் கொடுத்தாள் - ஒரு நிபந்தனையோடு. யாராவது வாய்விட்டுக் கேட்டால் ஒழிய, சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. புகார் வந்தால் மேஜை போச்சு. வந்தவர்களுக்கு மோர் கொடுக்கலாம், கிழிந்ததைத் தைக்கலாம், உடைந்ததை ஒட்டலாம். அவ்வளவுதான்.

முதல் நாள் ராத்திரி மழை. மண்டபத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்துகிற இடம் முழுக்கக் கரிசல். எங்கள் மண்ணைப் பற்றித் தெரியும்தானே? காலைப் பிடித்தால் செருப்பை வாங்காமல் விடாது. அட்டையிலும் ரெக்சினிலும் செய்த அலங்கார பூட்ஸ் எல்லாம் என்ன ஆகும்? சிலர் அடிப்பாகத்தைக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். சாத்தூரில் இருந்து வந்த ஒரு வீரனுக்கு வாள் வளைந்துவிட்டது. நீலக் கூந்தல்காரி ஒருத்திக்கு ஜிப் கழன்றுவிட்டது. ஜெபாவின் மேஜையில் தலைக்கு மேல் வேலை.

எனக்கு ஒரே ஆச்சரியம். ஒருத்தர்கூட, "நீங்க யாரு, எதுக்கு இதைச் செய்யுதீங்க" என்று கேட்கவில்லை. தைத்ததும் ஒரு தேங்க்ஸ், ஒரு மோர், போய்விட்டார்கள். "இப்படியே போனா உங்க ஊழியம் எப்பம்தான் ஆரம்பிக்கும்?" என்றேன். "ஆரம்பிச்சாச்சு அண்ணாச்சி" என்றார் ஜெபா, வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டே.

உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் எஸ்தர் சித்தி. பசுவந்தனையில் இருந்து பஸ் ஏறி வந்தவர். சபையில் எல்லாருக்குமே சித்தி. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன் - சபை வாசலில் அபிஷாவைப் பிடித்துக்கொண்டது இவர்தான். ஜெபா வேண்டுமென்றேதான் கூட்டி வந்திருந்தார். அந்த இரண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

சித்தி பாவம், காலையிலிருந்தே வாயை இறுக்கிக் கட்டியிருந்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோரப் பல், சிவப்புக் கண், வாயோரம் ரத்தம். அத்தனையும் பெயின்ட்தான். அவருக்கு அது மண்டையில் ஏறினால்தானே?

மதியம் ஜெபா தண்ணீர் பிடிக்கப் போன நேரம். மேஜையில் சித்தியும் நானும் மட்டும். முகமெல்லாம் சிவப்பு பூசிய ஒரு இளைஞர் வந்தார். தலையில் இரண்டு கொம்பு.

"யம்மா, கொம்பு ஆடுது. கொஞ்சம் பசை இருக்கா?" என்று சித்திக்கு முன்னால் தலையைக் குனிந்து காட்டினார்.

குனிந்த தலையைப் பார்த்ததும் சித்தியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. இரண்டு கையையும் அந்தத் தலைமேல் வைத்து அழுத்தி, "இயேசுவின் நாமத்தினாலே சொல்லுதேன், இந்தப் பிள்ளைய விட்டு வெளிய போ" என்று ஆரம்பித்துவிட்டார். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மண்டபமே திரும்பியது.

அந்த இளைஞர் ஒரு நொடி திகைத்தார். அப்புறம் மெதுவாக நடுங்கினார். தலை சுழன்றது, கண் மேலே போனது, முதுகு வளைந்தது, தடாலென்று விழுந்தார். சுற்றி எல்லாருடைய கையிலும் செல்போன். கைதட்டல் அடங்கவே இல்லை. அந்த அம்மாவும் பேயும் சேர்ந்து ஏதோ நாடக ஐட்டம் பண்ணுகிறார்கள் என்றே கூட்டம் நினைத்தது.

சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்றார். அவருக்கு அது ஐட்டம் இல்லை.

ஜெபா குடத்தோடு திரும்பி வரும்போது எல்லாம் முடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அபிஷா வந்தாள். கையில் இருந்த செல்போனில் அந்த வீடியோ. மகனைக் கூட்டி வந்த ஒரு அப்பா, இங்கே மதம் மாற்றுகிறார்கள் என்று குழுவிடம் புகார் சொல்லிவிட்டாராம். அபிஷா கூடவே அந்தக் கொம்பு இளைஞரும் வந்திருந்தார். பெயர் முத்துக்குமார், புதூர்ப் பக்கம், இங்கே தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை.

"புகார் வந்தா மேஜைய எடுத்துருவாவன்னு சொன்னேனாம்மா, இல்லையா?" அபிஷாவுக்குக் குரல் உடைந்தது. சித்தியை அவள் பார்க்கவே இல்லை.

முத்துக்குமார் குறுக்கே வந்தார். "நாந்தான் கேட்டேன். எனக்கு ஜெபம் பண்ணுங்கன்னு நானேதான் கேட்டேன். அவிய மேல தப்பு இல்ல."

அபிஷாவின் முகம் தெளிந்தது. கேட்டதால் செய்தார்கள். நிபந்தனை மீறப்படவில்லை. மேஜை தப்பியது. இனி ஜெபா சும்மா நின்றால் போதும். நானும் மனதுக்குள், பிள்ளையாரப்பா, இந்த அம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

ஜெபா வாயைத் திறந்தார்.

"இல்ல அபிஷா. அவரு பசைதான் கேட்டாரு."

 அபிஷா அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அப்பம் எடுத்து வச்சிருங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஊசியும் நூலும் டப்பாவுக்குள் போயின. சித்தி முத்துக்குமாரைக் கேட்டார். "அப்பம் உனக்கு ஒண்ணுமே இல்லையா தம்பி?"

"இல்ல யம்மா. எங்க ஊரு கோயில் கொடையில அப்பா சாமியாடுவாவ. பேய் போனா ஆளு எப்படி விழணும்னு எனக்குத் தெரியும்."

"நான் வெளையாட்டுக்கு ஜெபிக்கல."

"தெரியும். நீங்க அம்புட்டுப் பாடுபடுதீய... சும்மா நிக்க எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு."

யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவர் மனம் நோகக் கூடாது என்று வெறுந்தரையில் விழுகிற மரியாதையை வேறெங்கே பார்ப்பீர்கள்? எனக்கு அந்தப் பையனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சித்திக்கோ அழுகை நிற்கவில்லை. "அன்னைக்கும் அந்தப் புள்ளைய நாந்தான் வெரட்டுனேன். இன்னைக்கும் அவ முகத்துல கரியப் பூசிட்டேன்" என்று பஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலிப் பானையோடு திரும்பும்போது ஜெபாவிடம் கேட்டேவிட்டேன். "பேசாம இருந்திருக்கலாம்லா? அந்தத் தம்பியே சொன்னாரே?"

"இருந்திருக்கலாம் அண்ணாச்சி." கொஞ்ச தூரம் நடந்தார். "அபிஷா பாத்துட்டு இருந்தாளே."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

கதை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால், அந்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியதில் விழாக் குழுவுக்கு மனம் மாறிவிட்டது. அடுத்த விழாவிலும் மேஜை உண்டு, ஆனால் எஸ்தர் சித்தி மேடையேறி அந்தப் பேயோட்டுகிற ஐட்டத்தைச் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மாவிடம் வந்து சொன்னாள் அபிஷா. "எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத? போயி சித்திட்ட கேளு" என்று சொல்லிவிட்டு ஜெபா தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அபிஷா பசுவந்தனைக்குப் போனாள். திரும்பி வந்து அவளே என் கடையில் உட்கார்ந்து சொன்னாள். சித்தி காபி போட்டுக் கொடுத்தாராம். பழைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டாராம். இரண்டு பேரும் அழுதார்களாம். கடைசியாக, மேடை விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

"ஏட்டி, அங்கன நெசப் பேய் இருக்குமா?"

"இருக்காது சித்தி. நடிப்புதான்."

"பேயே இல்லாத எடத்துல எனக்கு என்ன வேல? கொம்பு ஒட்டணும்னா சொல்லு, வாரேன்."

குழு இப்போது மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது... உங்கள் பக்கம் நல்ல பேய் ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்.